ஆர்டர் வேறு, விற்பனை வேறு

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தேன். போர்வெல் பம்பு எவ்வளவு விற்கும் என்பது வடகிழக்குப் பருவமழையின் கையில். 2015-ல் மழை கொட்டியது, அடுத்த கோடையில் விற்பனை படுத்தது. இந்த வருடமும் அப்படித்தான் என்று நினைத்து 2016 செப்டம்பரில் ஆர்டர்களைக் குறைத்தேன். அந்தப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது.

2017 பிப்ரவரியிலேயே போன் ஓயவில்லை. தண்ணீர் கீழே போகப் போக விவசாயிகள் போரை ஆழப்படுத்தினார்கள். பழைய பம்பு அந்த ஆழத்துக்கு ஏற்றாது. ஸ்டேஜ், அதாவது தண்ணீரை மேலே தள்ளும் சக்கர அடுக்கு, கூட வேண்டும், ஹெச்பி கூட வேண்டும். நாங்கள் வைத்திருந்ததோ சின்ன மாடல்களுக்கான பாகங்கள். அசெம்பிளியில் வைண்டிங், அதாவது செம்புக் கம்பி சுற்றும் வேலை, முடிந்த மோட்டார்கள் வரிசையாக நின்றன, அடியில் போடும் த்ரஸ்ட் பேரிங் மட்டும் இல்லை. பம்பு ஓடும்போது கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைத் தாங்குவது அதுதான். அது வர ஆறு வாரம்.

அப்புறம் பயத்தில் அடுத்த தப்பு. சரக்கு கிடைக்காது என்று தெரிந்ததும் டீலர்கள் பத்து வேண்டிய இடத்தில் இருபது கேட்டார்கள், அதையே இன்னும் இரண்டு கம்பெனிகளிலும் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து சப்ளையர்களுக்கு அனுப்பினேன். ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருகிறது என்று ஜூனிலேயே டீலர்கள் ஸ்டாக்கைக் கரைக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல மழை. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின.

எங்களுக்கு புஷ், அதாவது பம்பின் தண்டு உள்ளே சுழலும் குழாய் மாதிரியான பாகம், கடைந்து தரும் லேத் பட்டறைக்காரர் ஒருவர். என் ஆர்டரை நம்பி லோன் போட்டு இரண்டாவது லேத் வாங்கியிருந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க சார் வாங்கினேன்" என்றார். மூலையில் கடைந்த புஷ்கள் ட்ரே ட்ரேயாக எண்ணெய் பூசி அடுக்கியிருந்தன. அக்கவுண்ட்ஸில் சண்டை போட்டு, மாதம் கொஞ்சமாக எட்டு மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். அவர் வட்டி கட்டியதை ஈடு செய்ய முடியவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு டீலரிடம் "எத்தனை வேணும்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "போன வாரம் கடையை விட்டு எத்தனை பம்பு போச்சு, கையில எத்தனை இருக்கு" என்றுதான் கேட்பேன். பல மாடல்களுக்குப் பொதுவான வைண்டிங் ஒயரைக் கூடுதலாக வைத்து, மாடல் உறுதியான பிறகே மோட்டாருக்கு ஒயர் சுற்றச் சொன்னோம். திங்கட்கிழமை அந்தக் கடைக் கணக்கு வந்ததும் முதல் போன் லேத் பட்டறைக்குப் போகும்.