வீட்டு லேத்தில் ஆர்.பி.எம். மீட்டர் பொருத்தியது

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஓடும் சின்ன லேத் இது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யில் தெரிகிற ஹெர்ட்ஸ் மோட்டாருக்கானது. பெல்ட் எந்தப் புல்லியில் கிடக்கிறதோ அதைப் பொறுத்து, கடையும் பொருளைப் பிடித்திருக்கும் சக் சுற்றும் வேகம் மாறிவிடும். 25 மி.மீ. மைல்டு ஸ்டீலை எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூலால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைய 318 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 318 சுற்று) வேண்டும். சத்தத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது.

காந்தம் எதிரே வரும்போதெல்லாம் சிக்னல் தரும் என்.ஜே.கே.-5002சி ஹால் சென்சார், அதை எண்ணி வேகம் காட்டும் நாலு இலக்க மீட்டர், 12 வோல்ட் அடாப்டர், 8 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள நியோடிமியம் காந்தம் ஒன்று. சாமான் இவ்வளவுதான்.

காந்தத்தைச் சக் பக்கம் வைக்கவே கூடாது. இரும்புத் தூள் முழுக்க அதில் போய் அப்பிக்கொள்ளும். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பின்முனைதான் சரியான இடம். அதற்கு ஓர் அலுமினிய வளையம் கடைந்து, காந்தத்துக்கு 3.2 மி.மீ. ஆழத்தில் குழி போட்டேன். இரும்பு வளையத்தில் புதைத்தால் காந்தப்புலம் இரும்பு வழியாகவே சுற்றிவிடும், சென்சாருக்கு வந்து சேராது. நேர் எதிரே இன்னொரு குழி வெட்டி அதே அளவு இரும்புத் துண்டை வைத்தால் பேலன்ஸ் கெடாது. ஒட்டுவதற்கு இரண்டு டியூபையும் கலந்து பூசும் எபாக்ஸிதான். வேலூர் கத்திரி வெயிலில் தகரத்துக்கு அடியில் குளூ கன் பசை இளகிவிடும், சுற்றும்போது காந்தம் தெறித்துப் பாயும்.

ஒட்டும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தச் சென்சார் காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டுமே வேலை செய்யும். 12 வோல்ட் கொடுத்து, காந்தத்தை முன்னால் காட்டினால் பின்புறச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் காந்தத்தைத் திருப்புங்கள். எரிந்த முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, அது வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். தலைகீழாக ஒட்டினால் மீட்டர் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், குழியைக் குடைந்துதான் காந்தத்தை எடுக்க வேண்டிவரும்.

சென்சாரில் பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. சென்சார் பிராக்கெட்டை, திறந்து மூடும் கியர் மூடியில் மாட்டாமல், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கிலேயே மாட்டுங்கள்.

வி.எஃப்.டி. ஓடியதும் மீட்டரில் எண்கள் ஆயிரக்கணக்கில் குதித்தன. மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டிய சென்சார் ஒயர்தான் காரணம். மேலே உலோக உறை சுற்றிய ஷீல்டு ஒயருக்கு மாற்றி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, தனி வழியில் இழுத்த பிறகு பெரும்பாலும் அடங்கியது. மிச்சமிருந்த ஆட்டமும் சிக்னலுக்கும் மைனஸுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைத்ததும் நின்றது.

சரிபார்க்கப் பழைய காப்பர் சோக் டியூப்லைட் போதும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு 100 தடவை மின்னும். வளையத்தில் சம இடைவெளியில் 10 கோடு போட்டால் 600 ஆர்.பி.எம்.மில் கோடுகள் அசையாமல் நிற்கும். 300இலும் நிற்கும், ஆனால் 10 கோடு 20ஆகத் தெரியும். எலெக்ட்ரானிக் சோக்கில் இது தெரியாது.