முகாம் நாட்காட்டி

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் 22 ஆண்டுகள் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றினேன். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பிரசவத்துக்காகக் கொண்டுவரப்படும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு நள்ளிரவில் ஓ நெகட்டிவ் தேவைப்பட்டால், நாங்கள் முதலில் அழைத்தது தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்து இளைஞர்களைத்தான். சேலம் கோட்டைப் பகுதியிலிருந்து இருவர் ஒரே வண்டியில் வருவார்கள். இரத்தம் யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

1995-இல் தொடங்கிய அந்த இயக்கத்திலிருந்து பி. ஜைனுல் ஆபிதீன் 2004-இல் பிரிந்து தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தைத் தொடங்கினார். மார்க்கப் பிரசாரத்துக்கு முதலிடமா, சமுதாய அரசியலுக்கா என்பதே சச்சரவு என்று இரு தரப்பு நண்பர்களும் எனக்கு விளக்கினார்கள். முஸ்லிம்களுக்கான இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையில் மட்டும் அவர்களிடையே வேறுபாடு இல்லை. 2007-இல் 3.5 சதவீதம் அறிவிக்கப்பட்டபோது இரு தரப்பினரும் எங்கள் அறைக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து இனிப்புக் கொடுத்தார்கள்.

பிளவு எங்களைத் தாக்கியது குளிர்பதனப் பெட்டியில். ஒருவர் இரத்ததான முகாம் அறிவித்தால் மற்றவரும் அதே வாரத்தில் அறிவித்தார். சேகரித்த இரத்தம் 35 நாள்தான் தாங்கும். இரத்தம் கொடுத்த ஆண் ஒருவரை மூன்று மாதம் கழித்தே மீண்டும் அழைக்கலாம். ஆகவே ஒரு வாரம் பெட்டி நிரம்பி வழியும், சில பைகள் காலாவதியாகும், அடுத்த மாதம் மலையிலிருந்து ஒரு பெண் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. இரு அலுவலகங்களுக்கும் நடந்து, தேதிகளைத் தள்ளி வைக்கும்படி கெஞ்சினேன். இருவரும் மரியாதையாகவே கேட்டார்கள். ஒரே மேசையில் உட்கார மட்டும் மறுத்துவிட்டார்கள். தலைவர்களின் கொள்கை வேறுபாட்டை நான் மதிக்கிறேன், ஆனால் தேதி குறிப்பதில் கொள்கை எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கடைசியில் நானே ஒரு நாட்காட்டியில் எழுதி இருவருக்கும் தனித்தனியாகக் காட்டினேன். அது சில ஆண்டுகள் நடந்தது.

இதற்கிடையே முன்னேற்றக் கழகத்தினர் 2009-இல் தொடங்கிய மனிதநேய மக்கள் கட்சி, 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் ஆம்பூரிலும் ராமநாதபுரத்திலும் வென்றது. 2015-இல் அதுவும் உடைந்தது. 2016 தேர்தலில், பிரிந்து சென்ற தமிமுன் அன்சாரி இரட்டை இலையில் நாகப்பட்டினத்தில் வென்றார், தி.மு.க. அணியில் நின்ற மனிதநேய மக்கள் கட்சித் தலைவர் ஜவாஹிருல்லா ராமநாதபுரத்தில் தோற்றார். அந்த ஆண்டு கோட்டையிலிருந்து மூன்றாவது குழு ஒன்று முகாமுக்குத் தேதி கேட்டு வந்தது. ஒரே வண்டியில் வந்த இருவரில் இளையவர் அக்குழுவில் நின்றிருந்தார். நாட்காட்டியை மறுபடி பிரித்து எழுத உட்கார்ந்தேன்.