ப்ராப் டெஸ்க்கா வீடா, முதல்ல எது?

காலேஜ் முடிச்ச பசங்க என்கிட்ட அதிகமா கேக்குறது இதைத்தான், ப்ராப் ஃபர்ம்ல சேரலாமாண்ணா இல்ல வீட்டுல இருந்தே ஆப்ஷன்ஸ் பண்ணலாமான்னு. ப்ராப் ஃபர்ம்னா தன்னோட சொந்த காசுல மார்க்கெட்ல ட்ரேட் பண்ற கம்பெனி, அந்த ட்ரேடர்ஸ் உக்கார்ற இடம்தான் ப்ராப் டெஸ்க்; ஆப்ஷன்ஸ்னா ஒரு ஷேரையோ இண்டெக்ஸையோ குறிச்ச விலைல வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற கான்ட்ராக்ட், அந்த உரிமையோட விலைதான் பிரீமியம். நான் சென்னைல ஒரு புரோக்கர் ஆபீஸோட ப்ராப் டெஸ்க்ல சில வருஷம் உக்காந்திருக்கேன், இப்போ வீட்டுல இருந்து பண்றேன், ரெண்டையும் பார்த்ததால நேராவே சொல்லிடறேன்: முதல்ல டெஸ்க், அப்புறம்தான் வீடு.

டெஸ்க்னா பெரிய கேப்பிடல் கிடைக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கிடைக்கும்தான், ஆனா அதைவிட பெரிய விஷயம் அங்க நம்மள நிறுத்த ஒரு ஆள் இருக்காரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் லாஸ் லிமிட் இருக்கும், எம்டிஎம் (அந்த நிமிஷ லாப நஷ்டக் கணக்கு) அதைத் தொட்டா ரிஸ்க் டீம்ல இருந்து போன் வராது, நேரா நம்ம பொசிஷனை (கையில இருக்குற ட்ரேடை) ஸ்கொயர் ஆஃப் பண்ணி, அதாவது முடிச்சு, ஐடியை லாக் பண்ணிடுவாங்க. சார் ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க திரும்பிடும்னு யார் கேட்டாலும் "நாளைக்கு வாப்பா"ன்னு ஒரே பதில்தான். எக்ஸ்பைரி அன்னிக்கு, அதாவது கான்ட்ராக்ட் முடியுற நாள்ல, ரெண்டரை மணிக்கு மேல அஞ்சு ரூபா பிரீமியம் அம்பது ஆகுறதும் அம்பது அஞ்சு ஆகுறதும் சில நிமிஷத்துல நடக்கும், அந்த நேரத்துல நல்லா படிச்ச நிதானமான ஆளுக்கும் புத்தி வேலை செய்யாது, இதை நான் என் பக்கத்து சீட்லயே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். வீட்டுல ஸ்டாப் லாஸ் (நஷ்டம் இவ்ளோ ஆனா தானா வெளிய வர்ற ஆர்டர்) போட்டதும் நாமதான், கேன்சல் பண்றதும் நாமதான்.

மார்க்கெட்டை கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வை ட்ரேட் பண்ண நினைக்கிற எல்லாரும் ஒரு தடவை படிக்கணும். மூணு நிதியாண்டு சேர்த்துப் பார்த்ததுல, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல போயிருக்கு. செலவெல்லாம் கழிச்சு ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தவங்க 1 சதவீதம்தான். அதுல 2024 நிதியாண்டுல மட்டும் ப்ராப் ட்ரேடர்ஸ் எடுத்த கிராஸ் லாபம் (செலவு கழிக்காதது) சுமார் 33,000 கோடி. இதைப் பார்த்துட்டு உடனே டெஸ்க்ல சீட் கிடைச்சா காசு வந்துடும்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த லாபத்துல 96 சதவீதம் அல்கோ (கம்ப்யூட்டர் புரோகிராமே ஆர்டர் போடுறது) மூலமா வந்ததுன்னு அதே ஆய்வுலயே இருக்கு. எக்ஸ்சேஞ்ச் கோலொகேஷன்ல (எக்ஸ்சேஞ்ச் இடத்துலயே) சர்வர் வெச்சு, நல்லா கோடிங் தெரிஞ்ச ஐஐடி பசங்கள எடுக்குற ஃபர்ம் வேற, ஒரு புரோக்கர் ஆபீஸ்ல கேஷ்-ஃபியூச்சர் ஆர்பிட்ரேஜும் (ஷேர் விலைக்கும் அதோட ஃபியூச்சர் விலைக்கும் உள்ள வித்தியாசத்துல சம்பாதிக்கிறது) ஜாபிங்கும் (சின்னச் சின்ன விலை அசைவுல உடனே வாங்கி விக்கிறது) பண்ற மேனுவல் டெஸ்க் வேற. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு கிடைக்கக்கூடியது ரெண்டாவது, அதுல சின்ன சம்பளமும் ப்ராஃபிட் ஷேரும் இருக்கும், முதல் வருஷம் ஷேர்னு பெருசா ஒண்ணும் வராது. ஆனா அந்த ஒரு வருஷத்துல ஆர்டர் புக் (வாங்க விக்க காத்திருக்கிற ஆர்டர்களோட லிஸ்ட்) படிக்கவும், சைஸ் குறைக்கவும், நஷ்டத்தோட வீட்டுக்குப் போய் தூங்கவும் பழகிடும், அதுவும் சொந்த காசு போகாம.

செலவு பக்கமும் பாருங்க. எஸ்டிடி (ட்ரேடுக்கு அரசாங்கம் போடுற வரி) ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆப்ஷன் விக்கும்போது பிரீமியத்துல 0.0625 சதவீதமா இருந்ததை 2024 அக்டோபர்ல 0.1 ஆக்கினாங்க. ஆனா டெஸ்க்ல புரோக்கரேஜ் கிடையாது, வீட்டுல ஆர்டருக்கு 20 ரூபாயும் அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் ஓடிட்டே இருக்கும். செபி கணக்குப்படி 2024 நிதியாண்டுல ஒரு ஆளுக்கு சராசரியா 26,000 ரூபா இந்த மாதிரி செலவுக்கே போயிருக்கு. கான்ட்ராக்ட் சைஸ் குறைஞ்சது 15 லட்சம்னு மாத்தினதுக்கப்புறம் நிஃப்டில ஹெட்ஜ் (நஷ்டத்தை மட்டுப்படுத்துற எதிர் ட்ரேட்) இல்லாம ஒரு லாட் (குறைஞ்சபட்ச அளவு) ஆப்ஷன் விக்கவே ரெண்டு லட்சத்தை ஒட்டி மார்ஜின் (பிணையா வைக்கிற காசு) வேணும், அம்பதாயிரம் வெச்சிருக்கிற பையன் அதனாலதான் பிரீமியம் மட்டும் கட்டி ஆப்ஷன் வாங்குற பக்கம் போய் மாட்டிக்கிறான், தைரியத்துல போறதில்ல, வேற வழி இல்லாம போறான், அதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் வீட்டு நிலைமை. சம்பள சிலிப் இல்லாதவனுக்கு ஹோம் லோன் குடுக்க பேங்க் யோசிக்கும், ஐடிஆர்-3 (பிசினஸ் வருமானத்துக்கான வரி ரிட்டர்ன்) ரெண்டு மூணு வருஷத்துக்கு காட்டச் சொல்லும். நஷ்டம் வந்த வருஷமும் டைமுக்குள்ள ரிட்டர்ன் ஃபைல் பண்ணுங்க, எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் கேரி ஃபார்வர்ட் பண்ணி பின்னாடி வர்ற பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம், தெரியாமலே நிறைய பேர் விட்டுடறாங்க. லாபம் வராத மாசத்துலயும் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மா மருந்து எல்லாம் நிக்காது, அந்த பிரஷர்ல எடுக்குற ட்ரேட் ட்ரேடே இல்ல.

ப்ராப்னு சொல்லிக்கிட்டு வர்ற எல்லாமே ப்ராப் கிடையாது, இதுல ரொம்ப கவனமா இருங்க. ஃபீஸ் கட்டு, சேலஞ்ச் பாஸ் பண்ணு, பெரிய அக்கவுண்ட் தர்றோம்னு சொல்ற வெளிநாட்டு சைட்கள் பலதுலயும் நீங்க பண்றது டெமோ சர்வர்ல, அவங்க வருமானத்துல பெரும்பங்கு தோத்தவங்க கட்டின ஃபீஸ். அதே மாதிரி, ரெண்டு லட்சம் டெபாசிட் குடு எங்க ஐடில ட்ரேட் பண்ணுன்னு சொல்ற லோக்கல் ஆபீஸ்கள். அங்க ஆர்டர் ப்ரோ கோட்ல (புரோக்கரோட சொந்த கணக்குல) போகும், உங்க பேர்ல கான்ட்ராக்ட் நோட் (ட்ரேடுக்கான பில்) வராது, நாளைக்கு பிரச்சனைன்னா எக்ஸ்சேஞ்ச்ல போய் இது என் காசுன்னு காட்ட கையில ஒண்ணும் இருக்காது. நிஜ ப்ராப் ஃபர்ம் உங்களுக்கு சம்பளம் குடுக்கும், என்ஐஎஸ்எம் எட்டாவது சீரிஸ் பரீட்சை (எஃப் அண்ட் ஓ-க்கான சான்றிதழ் பரீட்சை) எழுதச் சொல்லும், உங்ககிட்ட காசு கேக்காது.

நான் டெஸ்க்க விட்டு வந்ததுக்கு காரணம் ஒண்ணுதான், அங்க ஓவர்நைட் பொசிஷன் வெச்சிக்க விடல, எனக்கு மாசாந்திர ஸ்ப்ரெட்தான் (ஒரு ஆப்ஷனை வித்து இன்னொண்ணை வாங்கி நாள்கணக்குல வெச்சிருக்கிறது) நல்லா கைவந்துச்சு. வரும்போது ஒரு வருஷ வீட்டுச் செலவை தனியா எஃப்டில போட்டுட்டுதான் வந்தேன். இப்பவும் லிமிட் தொட்டா என் புரோக்கர் செரோதால கில் ஸ்விட்ச் (ட்ரேடிங்கை நிறுத்திடுற வசதி) போட்டுடுவேன், போட்டா அந்த செக்மென்ட்ட திரும்ப ஆன் பண்ண 12 மணி நேரம் ஆகும், அதாவது அன்னிக்கு மார்க்கெட் முடிஞ்சிடும். டெஸ்க் கிடைக்காம வீட்டுலதான் ஆரம்பிக்கப் போறேன்னு சொல்றவங்க அதையாவது முதல் நாள்லயே எங்க இருக்குன்னு பார்த்து வெச்சிக்கோங்க, வேலையை விடாதீங்க, லிமிட் எவ்ளோன்னு வீட்டுல இன்னொருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க.