கனோபல்ஸ்: பழைய ராட்டினங்கள் கரை சேரும் இடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், எலிஸ்பர்க் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது கனோபல்ஸ் (Knoebels) என்ற கேளிக்கைப் பூங்கா. பெயரைச் சொல்லும்போது முதலில் வரும் 'க'வை விழுங்கிவிடக் கூடாது. காரில் போவதுதான் வசதி. நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு வாங்குவதில்லை. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட். பேரப்பிள்ளைகளை ஏற்றிவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிக்குச் செலவே இல்லை.

கனோபல் குடும்பம் 1828-ல் 931 டாலருக்கு வாங்கிய நிலம் இது. தொழில் என்னவோ மரம் அறுப்பதுதான். ஓடையில் குளிக்க ஆட்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கவே, குதிரைக்குத் தீனி வைத்துத் தேய்த்துவிட 25 சென்ட் வாங்கினார்கள். 1926 ஜூலை 4 அன்று நீச்சல் குளம், சாப்பாட்டுக் கடை, நீராவியில் சுற்றும் ஒரு குடை ராட்டினம் என்று பூங்கா திறந்தது. இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

எங்கோ மூடிய பூங்காவில் கிடக்கும் நல்ல சாமானைக் கொண்டுவந்து ஓட்டுவது இவர்கள் வழக்கம். 'ஃபீனிக்ஸ்' என்ற மர ரோலர் கோஸ்டர் அப்படி வந்ததுதான். 1940-களின் பிற்பகுதியில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டப்பட்டது. அந்தப் பூங்கா 1980-ல் மூடியபின் சும்மா நின்றது. 1985-ல் பிரித்தபோது வரைபடம் கையில் இல்லை. மர கோஸ்டரில் சட்டங்களை அந்தந்த இடத்தில் வைத்துப் பார்த்து அறுத்துத் துளை போடுவார்கள். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் போல்ட் துளை பொருந்தாது. அதனால் சட்டம் சட்டமாக எண் போட்டு லாரிகளில் ஏற்றி வந்து, அந்த வரிசையிலேயே பூட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஓடியது. உயரம் 78 அடி, நீளம் 3,200 அடி. மடியை அழுத்தாத பழைய மாதிரிப் பாதுகாப்புக் கம்பி என்பதால் ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். கடைசிப் பெட்டியில், இருட்டிய பிறகு ஏறுங்கள். பகல் வெயிலில் சூடேறிய தண்டவாளத்தில் கிரீஸ் இளகியிருக்கும். வேகம் கூடுவது நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றையும் இப்படிப் பெயர்க்க முடியவில்லை. டென்வரில் இருந்த 'மிஸ்டர் ட்விஸ்டர்' என்ற மர கோஸ்டர் பெயர்த்தெடுக்கத் தோதாக இல்லாததால், அதைப் பார்த்து 1999-ல் புதிதாகவே ஒன்று கட்டினார்கள். இடம் போதாமல், வண்டியை மேலே இழுத்துச் செல்லும் ஏற்றத்தை இரண்டாக உடைக்க வேண்டி வந்தது.

பொறுமையைச் சோதித்தது 'ஃப்ளையிங் டர்ன்ஸ்' என்ற கோஸ்டர். தண்டவாளமே இல்லை, மரத் தொட்டி போன்ற பாதையில் வண்டி தன் போக்கில் சரிந்து ஓடும். 2006-ல் வேலை தொடங்கியும் சக்கரச் சிக்கலால் 2013-ல்தான் திறந்தது. பாரம் கூடினால் வளைவில் வண்டி மேலே ஏறிப் போகும். அதனால் ஏறும் முன் எடை பார்க்கிறார்கள்; ஒரு பெட்டிக்கு இருவர் சேர்ந்து 400 பவுண்டு, ஏறத்தாழ 181 கிலோ வரைதான். கூட வருபவரை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்!

ஓடைகள் நடுவே இருப்பதால் வெள்ளமும் விடுவதில்லை. 1972, 2006, 2011 என்று பூங்கா திரும்பத் திரும்ப மூழ்கி எழுந்திருக்கிறது.

'கிராண்ட் கரோசல்' என்ற பெரிய குடை ராட்டினத்தைத் தவறவிடாதீர்கள். 1913-ல் செய்தது, 63 மரக் குதிரைகள், சார்லஸ் கார்மெல் செதுக்கியவை. வெளி வரிசைக் குதிரையில் உட்கார்ந்தால்தான் வளையம் எட்டும். ராட்டினத்தின் பக்கத்தில் கை போல நீட்டியிருக்கும் கருவியிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளையத்தை உருவலாம். பெரும்பாலும் இரும்புதான் வரும். பித்தளை வந்தால் அடுத்த சவாரி இலவசம். கைக்கு எட்டாத குழந்தையை உள் வரிசையில் உட்கார வையுங்கள்; வெளியே உட்கார்த்தினால் எக்கி எக்கி நழுவும்.