பெயர் பிந்தி வந்த சங்கம்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்த எங்களுக்கு அக்காமார் என்றால் விடுதி அக்காமாரும் சேர்ந்துதான். தலை பின்னிவிடுவதும் பாடம் சொல்லித் தருவதும் அழுதால் அதட்டி அணைப்பதும் அவர்களே. மேற்படிப்புக்கு நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, வளாகத்தை ஒட்டிய பெரிய வீடுகளின் முகப்பில் கிரேக்க எழுத்துகளைக் கண்டேன். மாணவிகளின் சங்க வீடுகள். 'சொரோரிட்டி' என்றார்கள். கல்லூரிச் சங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த வளாகத்தில்தான் என்று பிறகு அறிந்து மகிழ்ந்தேன்.

1874 நவம்பர் 11 அன்று அங்கே நான்கு மாணவிகள் காமா ஃபை பீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். லத்தீன் மொழியில் ஃபிராட்டர் என்றால் சகோதரன். அதிலிருந்து வந்த 'ஃபிரட்டர்னிட்டி'யைத்தான் அக்காலத்தில் பல பெண்கள் சங்கங்களும் சூடிக்கொண்டிருந்தன. 1882இல் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, சகோதரியைக் குறிக்கும் சொரோர் என்ற வேரிலிருந்து வந்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். இடைக்கால லத்தீனில் முன்பே இருந்த சொல்தான் அது.

ஆனால் பெயரைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இந்தியானா மாநிலத்துப் பெட்டி லாக்கின் துணிவு. ஆண்களின் சங்கம் ஒன்று தன் சின்னத்தை அணிந்துகொள்ளும்படி அவரைக் கேட்டது. உறுப்புரிமை மட்டும் கிடையாது. முழு உறுப்பினராக அல்லாமல் அதை அணியமாட்டேன் என்று மறுத்துவிட்டு, 1870 ஜனவரியில் தோழியருடன் காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் தன்னைப் பெண்கள் ஃபிரட்டர்னிட்டி என்றே அழைத்துக்கொள்கிறது. தாமாகவே வென்றெடுத்த பெயரை அவர்கள் ஏன் விட வேண்டும்?

இவர்களுக்கும் மூத்தது, ஜார்ஜியாவின் மேகன் நகரில் 1851இல் பிறந்த அடெல்ஃபியன் சங்கம். அது தோன்றிய வெஸ்லியன் கல்லூரிதான் பெண்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமையை முதலில் பெற்றது. ஆண்டு 1836. அமெரிக்க மிஷன் உடுவிலில் நம் பள்ளியைத் தொடங்கியது 1824இல்! இதை வாசித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கறுப்பின மாணவிகள் தமக்கெனச் சங்கம் காண 1908 வரை காத்திருந்தார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில்தான், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் பின்னாளில் சேர்ந்தார். அதே வளாகத்தில் 1913 ஜனவரியில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். மார்ச் 3 அன்று வாஷிங்டன் வீதியில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்தார்கள்.