பிரிக்பீல்ட்ஸ் மாமியின் பிடியரிசி

யாழ்ப்பாணம் உடுவில் மகளிர் கல்லூரிப் பழைய மாணவிகள் கூடினால் அக்னியூ அம்மையாரின் பேச்சு வராமல் போகாது. 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய நம் பள்ளிக்கு 1840இல் நியூயார்க்கிலிருந்து வந்தவர், சுமார் நாற்பது வருடம் பிள்ளைகளோடேயே வாழ்ந்து, ஒருதடவைகூட ஊர் திரும்பாமல், 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். முதலில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே படிப்பித்தார் என்பார்கள். பள்ளி மலர்களில் அவர் படம் வருவது நியாயம்தான். ஆனால் கப்பலேறி வந்தவர்களை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் எழுதியதாகும் என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த மாமியைப் பற்றி. உடுவிலில் படித்து, ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவரைக் கலியாணம் முடித்து மலாயா வந்தவர். ஒரு சம்பளம், வீடு நிறையப் பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்குகிறவர்கள் வேறு. அப்படியிருந்தும் உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம், அளவைச் சுண்டால் அளக்கும் முன்பே, ஒரு பிடி அள்ளித் தனி டின்னில் போட்டுவிடுவார். ஊரில் தாய்மார் செய்த வழக்கம்தான் அது. “மிச்சம் பாத்துப் போடுறது காணிக்கையில்லை பிள்ளை, முதல்ல எடுத்து வைக்கோணும்” என்பார். மாத முடிவில் சபை மாதர் சங்கத்துப் பெண்கள் கொண்டுவரும் அரிசியைச் சேர்த்து அளந்து, சபையாருக்கே விற்று, அந்தக் காசை மிஷன் வேலைக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் யாழ்ப்பாணத்து இணுவில் மக்லியோட் மிஷன் வைத்தியசாலைக்கு, கொஞ்சம் பேராக் மலைப்பக்கம் செனோய் என்னும் பழங்குடி மக்களிடையே மெதடிஸ்ட் சபை செய்த ஊழியத்துக்கு.

காசை அனுப்பியதோடு அவர் விட்டுவிடவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாருக்குப் போனது, அங்கே யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை எழுத்துப் பழகிவிட்டது என்று கேட்டு எழுதுவார், பதில் வந்தால் சங்கத்தில் உரக்க வாசித்து, அந்தப் பெயர்களைச் சொல்லியே ஜெபிப்பார், தான் கண்ணால் காணாத கிராமங்களில் இருந்தவர்களை நம் தெருக்காரரைப்போலப் பேசுவார், நாங்கள் சின்னப்பிள்ளைகள் அவர்கள் எல்லாரும் எங்களுக்குச் சொந்தக்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். நான் உடுவில் விடுதிக்குப் போகப் புறப்பட்டபோதும் ஒரு உறையில் காசு தந்து, பீஸ் கட்ட முடியாத பிள்ளை ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னார், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி.

இப்போது யாரும் அரிசி கொண்டுவருவதில்லை. அவர் மகள்மார் வருஷாவருஷம் சம்பளத்தில் முதல் பங்கை எடுத்து விடுதிப் பிள்ளைகளுக்கு வங்கி மூலம் அனுப்புகிறார்கள், அதிலும் பெயர் போடுவதில்லை. மாமியைப்போன்ற பெண்கள் கிள்ளான், ஈப்போ, பினாங்கு எல்லா இடத்திலும் இருந்திருப்பார்கள். உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ அப்படி இருந்திருந்தால், அடுத்த மலருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள், பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து.