82-ஆம் ரெஜிமென்ட், 9-ஆம் கம்பெனி, 43-ஆம் துப்பாக்கி

என்னிடம் இருப்பது 1888-இல், பெர்லினை அடுத்த ஸ்பாண்டவ் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மவுசர் 71/84 ரைஃபிள். அது யாருடைய தோளில் கிடந்தது என்று தேடிப்போன கதை இது. இதே தேடலில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஜெர்மன் துப்பாக்கியில் உனக்கென்ன அக்கறை என்று கேட்காத உறவினர் இல்லை. எல்லாம் டாங்காவில் தொடங்கியது. இன்றைய தான்சானியாவில் இருக்கும் அந்தத் துறைமுகத்தைப் பிடிக்க 1914 நவம்பரில் பிரிட்டிஷார் அனுப்பிய இந்தியப் படையில், 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரியும் இருந்தது. எதிரே நின்ற ஜெர்மன் காலனிப் படையின் ஆப்பிரிக்க வீரர்கள் பலரிடம் இருந்தது 1871-ஆம் ஆண்டு மாடல் மவுசர். கருமருந்துத் தோட்டா என்பதால் ஒவ்வொரு வெடிக்கும் புகை குபுகுபுவென்று எழுந்து, சுட்டவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழைய ஆயுதத்தை வைத்துக்கொண்டே தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையைத் திரும்பக் கப்பலேற வைத்தார்கள். நம் ஊர்ப் பெயர் தாங்கிய படையை எதிர்கொண்ட துப்பாக்கி எப்படிப்பட்டது என்று கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை இதை அறிந்த அன்று பிடித்தது, விடவில்லை.

நான் வசிப்பது அமெரிக்காவில். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 முடிவதற்குள் செய்யப்பட்டவை தொல்பொருள் வகையில் சேர்ந்துவிடும். உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி அவற்றுக்கு இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்காட்சி ஒன்றில் முதியவர் ஒருவரின் மேசையில், வேட்டைக்காகக் குழல் வெட்டப்படாமல், முழு நீளத்தில் ஒரு 71/84 கிடைத்தது. 1871 மாடலில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டும். அதையே திருத்தி, குழலுக்கு அடியில் எட்டுத் தோட்டா கொள்ளும் நீளக் குழாய் வைத்ததுதான் 71/84. ஜெர்மன் ராணுவத்தின் முதல் தொடர்சூட்டு ரைஃபிள். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருப்பதன் அடிப்பகுதியைப் பின்னால் இருப்பதன் முனை இடித்து வெடித்துவிடக் கூடாது என்பதற்காக ஈயக் குண்டின் முனையைத் தட்டையாக்கினார்கள். பழைய குழாயில் தோட்டா தங்கியிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அதைச் சோதித்துவிடுவது நல்லது.

1888 என்ற ஆண்டைப் பார்த்ததும் மனம் கனத்தது. பிரான்ஸ் 1886-இல் புகையற்ற மருந்தில் சுடும் லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பதிலடியாக ஜெர்மனி அவசர அவசரமாக 88 மாடலை ஏற்றுக்கொண்ட ஆண்டும் இதுதான். என் துப்பாக்கி பிறந்த வருடமே பழையதாகிவிட்டது. மூன்று பேரரசர்களை ஜெர்மனி பார்த்த ஆண்டும் அதுவே.

முத்திரைகளைப் படிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இரும்பில் பல காலத்துக் கிரீஸ் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் அருகில் கொண்டுவரவே கூடாது. மெல்லிய எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்தேன். எழுத்துக்குழிகளில் இருந்ததைப் பல்குச்சியால் எடுத்தேன். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடித்தபோது, அடிக்கட்டையின் முனையில் திருகியிருக்கும் இரும்புத் தகட்டில் 82, சாய்வெழுத்தில் ஓர் 'ஆர்', 9, 43 என்று வரிசையாகத் தெரிந்தன. ஆணியளவு எழுத்துகள். 43-இல் இருக்கும் 3 மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தவர் கை அங்கே விலகியிருக்கிறது. குழலில் உள்ள வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் திருகாணிகளின் தலையிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. பளபளவென்று மெருகேற்றி விற்கும் துப்பாக்கிகளில் முதலில் காணாமல் போவது இந்த எழுத்துகள்தான். அப்படிப் போனவை வெறும் இரும்பும் மரமும் என்றே நான் கருதுகிறேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

82-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 9-ஆம் கம்பெனி, 43-ஆம் ஆயுதம். ஒரு ரெஜிமென்டுக்கு மூன்று பட்டாலியன், பட்டாலியனுக்கு நான்கு கம்பெனி. ஆக 9-ஆம் கம்பெனி மூன்றாம் பட்டாலியனைச் சேர்ந்தது. ரெஜிமென்டின் முழுப்பெயர் இரண்டாம் குர்ஹெஸ்ஸன் காலாட்படை. 1866-இல் பிரஷ்யா ஹெஸ்ஸன் - காஸ்ஸல் நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்ட கையோடு திரட்டியது. பாசறை பல்கலைக்கழக நகரமான கோட்டிங்கனில். அக்கால ரெஜிமென்டுகள் பல தங்கள் வரலாற்றைத் தாங்களே நூலாக அச்சிட்டுக்கொண்டன. அவற்றில் கணிசமானவை நூலகங்களில் கிடைக்கின்றன. பழைய ஜெர்மன் எழுத்துருவைப் படிக்கப் பழகிக்கொண்டால் போதும்.

அடுத்த படியில் 43-ஆம் துப்பாக்கிக்காரரின் பெயரைத் தேடினேன். ஜெர்மன் ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதினேன். மரியாதையான, சுருக்கமான பதில் வந்தது. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு விமானக் குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பில் அடித்த எண் நூற்றாண்டைத் தாண்டி என் மேசைக்கு வந்துவிட்டது. அதற்கு நேரே பெயர் எழுதியிருந்த தாள் சாம்பலாகிவிட்டது. பிரஷ்ய ராணுவம் ஆண்டுதோறும் அச்சிட்ட பதவிப் பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் 82-ஆம் ரெஜிமென்டின் அதிகாரிகள் கர்னலிலிருந்து கடைசி லெப்டினன்ட் வரை பெயரோடு நிற்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு அதில் இடமில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

பவேரியா, வூர்ட்டம்பர்க், சாக்சனி ஆகிய நாடுகளின் படைகள் தங்கள் ஆவணங்களைத் தனியே வைத்திருந்தன. பவேரியப் படையின் ஆவணங்கள் இன்றும் மியூனிக்கின் போர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே இப்போது பவேரியாவின் ஆம்பெர்க் தொழிற்சாலையில் செய்த 71/84 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மரம் விரிசல் விட்டிருந்தாலும், குழலை மரத்தோடு பிடிக்கும் பட்டை வளையம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. அடித்தகட்டில் பவேரியாவைக் குறிக்கும் 'பி' எழுத்தும் அதைத் தொடரும் எண்களும் தெளிவாக இருக்க வேண்டும்.